ஞாயிற்றுக்கிழமைக்குள்

மார்ச் 16

அன்புள்ள வாத்துக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். சுகாதார ஆய்வாளர் என்று ஒரு நாளைக்கு முந்நூறு பேரிடம் போனில் நீயே அதைத்தான் கேட்கிறாயாமே. போனில் உன்னைப் பிடிக்கவும் முடியவில்லை. பிடித்தாலும் மூன்றாவது நிமிடம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் இந்த வழி. எங்கள் மையத்திலிருந்து உங்கள் நகராட்சிக்கு வாராவாரம் போகும் கேள்வித்தாள் உறைக்குள் இதைச் சொருகி அனுப்புகிறேன். நீயும் வியாழக்கிழமைத் தபால் பையில் ஆணை நகல்களை அனுப்பும்போது இரண்டு வரி எழுதி உள்ளே வை. யார் கேட்கப்போகிறார்கள்?

எதிர்வீட்டுத் தையற்காரரிடம் அப்பா, "என் பொண்ணு நோயைக் கணக்கெடுக்கறா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அவரைக் கொஞ்சம் திருத்து. நான் நோயைக் கணக்கெடுக்கவில்லை. நோய்க்காக ஊர் ஊராக நகராட்சிகள் என்ன செய்கின்றன என்பதைக் கணக்கெடுக்கிறேன். என் பொறுப்பில் நாற்பத்தொரு ஊர். பள்ளி, சந்தை, பேருந்து, முகக்கவசம், கூட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒன்றும் செய்யவில்லை என்றால் பூஜ்யம், அறிவுரை மட்டும் என்றால் ஒன்று, பாதிக் கட்டாயம் இரண்டு, முழுக் கட்டாயம் மூன்று. எந்தத் தேதியிலிருந்து என்பதும் போட வேண்டும். நாளைக்கு எந்த ஊர் பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று பார்ப்பதற்கு இதுதான் ஆதாரம் என்று சொல்கிறார்கள். நான் எந்த ஊரையும் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறேன்.

இந்த நாற்பத்தொரு ஊரில் கடைசியில் நிற்பது எது தெரியுமா? நாம் பிறந்த ஊர். பத்து நாள் பழைய ஆணையை நேற்றுதான் பார்த்தேன். மேற்பார்வையாளர் அம்மா எல்லோர் எதிரிலும், "உங்க தம்பி ஊர்ல இன்னும் போன மாசம்தான் நடக்குதா?" என்று கேட்டாள். மானம் போகிறதடா. ஆணையில் கையெழுத்து விழுந்த அன்றே பையில் போடு. அமலுக்கு வரும்வரை நான் வாய் திறக்க மாட்டேன், எங்கள் மையத்தின் முதல் விதியே அதுதான்.

அப்பாவை வெளியே விடாதே. எழுபத்துநான்கு வயது என்று அவருக்கு யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். இந்த மாதத்தில் முதல் தடவை. வாத்து என்று எழுதியதைத் தபால் பிரிக்கும் எழுத்தர் படித்துவிட்டார். இப்போது அலுவலகத்தில் பாதிப் பேர் என் நடையைத்தான் பார்க்கிறார்கள். போதுமா?

பேருந்து நிலையத்தில் கைகழுவத் தொட்டிகள் ஆறு வைத்தோம். முதல் நாளே சோப்பைக் காணவில்லை. கயிற்றில் கட்டினோம். மறுநாள் கயிற்றையும் காணவில்லை. இதற்கு உன் அட்டவணையில் என்ன எண் போடுவாய்? கடை வாசல்களில் சுண்ணாம்பால் வட்டம் போட்டால் மழை கழுவிவிட்டுப் போகிறது. இப்போது பெயிண்ட் வாங்கி நானே உட்கார்ந்து போடுகிறேன். ஆய்வாளர் ஐயா பொறுமையாக ஓவியம் வரைகிறார் என்று பால்காரர் கிண்டல் செய்கிறார்.

அப்பா வெளியே போவதில்லை. ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, எதிரே மருந்துக்கடை வாசலில் நிற்பவர்களை விரட்டுகிறார். முப்பத்திரண்டு வருடம் "உள்ள போ, உள்ள போ, நெருங்கி நில்லு" என்று கத்திய கண்டக்டர், இப்போது "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று கத்துகிறார். வேலையில் சேர்ந்த நாள் முதல் செய்த பாவத்தை இப்போது கழிக்கிறேன் என்கிறார். இருமல் வழக்கமான இருமல்தான். அத்தனை வருடப் புழுதி நெஞ்சை விட்டுப் போகுமா?

என் தலைவலியெல்லாம் தினசரிச் சந்தைதான். ஒரே கூரையின் கீழ் இருநூறு கடை, இரண்டே வாசல். உள்ளே நுழைந்தால் அடுத்தவர் மூச்சுதான் நம் மூச்சு. மூடுங்கள் என்று மூன்று வாரமாக ஆணையரிடம் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

நகல்கள் ஐந்து இணைத்திருக்கிறேன். இனிமேல் தாமதம் ஆகாது. உன் மானத்தைக் காப்பாற்றுவது என் பொறுப்பு.

தம்பி


ஏப்ரல் 2

அக்கா,

கிடைத்துவிட்டது! சந்தையை மூடும் ஆணையில் ஆணையர் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை ஆறாம் தேதி காலையிலிருந்து அமல். நீ கேட்டபடியே, மை காய்வதற்குள் பையில் போடுகிறேன். உன் மேற்பார்வையாளர் அம்மா முகத்துக்கு நேரே நீட்டு.

ஆனால் ஒன்று. நகலின் மேலே சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் பார். ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் கடைசிக் கடை மூடிய பிறகுதான் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்போகிறோம். அதற்கு முன் தெரிந்தால் ஊரே சந்தைக்கு ஓடும். எதைத் தடுக்க மூடுகிறோமோ அதை நாமே வரவழைத்தது போல ஆகிவிடும். ஆணையர், நான், எழுத்தர், காவல் ஆய்வாளர், ஒலிபெருக்கி வண்டிக்காரர், இத்தனை பேருக்குத்தான் தெரியும். இப்போது நீ. முறைப்படி அமலான பிறகுதான் நகலை அனுப்ப வேண்டும். பை வாரத்துக்கு ஒரு தடவைதான் கிளம்புகிறது என்பதால் அனுப்புகிறேன்.

யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. திங்கள் காலை முதல் ஒவ்வொரு தெருவுக்கும் தள்ளுவண்டியில் காய்கறியும் மளிகையும் வரும். நாற்பது வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன், எதற்கென்று வண்டிக்காரர்களிடம் சொல்லவில்லை. நம் தெருவுக்கு எட்டு மணிக்கு வண்டி.

அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வாயில் எதுவும் தங்காது என்பது உனக்கே தெரியும்.

அவசரத்தில்,
தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள வாத்துக்கு,

பை இன்று காலை பத்து மணிக்கே வந்துவிட்டது. நாற்பத்தொரு ஊரில் முதலாவதாக நம் ஊர்! மேற்பார்வையாளர் அம்மா ஆணையை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்தால் மாலை போட்ட மாதிரி. கட்டத்தில் திங்கட்கிழமைதான் மூன்று போடுவேன். அதுவரை காகிதம் என் மேசை அறைக்குள் பூட்டிக் கிடக்கும்.

மத்தியானம் அப்பாவுக்குப் போன் செய்தேன். பயப்படாதே, ஆணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன சின்னப் பிள்ளையா? இரண்டு வாரத்துக்கு வேண்டிய மாத்திரை, மளிகை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் பொதுவாகச் சொன்னேன். "ஏம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள?" என்றார். "சும்மாதாம்ப்பா" என்றேன். நல்ல மனநிலையில் இருந்தார். என் குரல் இளைத்துவிட்டதாம்! குரல் எப்படி இளைக்கும் என்று கேட்டால் உனக்கு அதெல்லாம் புரியாது என்கிறார்.

நீ சரியாகச் சாப்பிடு. ஓவியம் வரைந்தது போதும், முதுகைப் பார்த்துக்கொள். எல்லாம் முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உன்னையும் அப்பாவையும் ஒரு வழி பண்ணுகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

போனில் நீ அழுதுகொண்டே இருந்தாய். சொல்ல விட்டதை எழுதுகிறேன்.

பதினோராம் தேதி இரவு அப்பாவுக்குக் காய்ச்சல். மறுநாள் பரிசோதனை. பதினான்காம் தேதி மூச்சு இரைத்தது, மருத்துவமனையில் சேர்த்தேன். வார்டுக்குள் என்னை விடவில்லை. விடக் கூடாது என்ற விதியை எழுதியவனே நான்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பேன். முகத்தில் குழாயோடு, கையை மட்டும் தூக்கி வலது பக்கம் அசைப்பார். போகலாம் ரைட் என்று டிரைவருக்குக் காட்டுவாரே, அந்த மாதிரி. நான் வேலைக்குப் போக வேண்டுமாம், நின்று நேரத்தை வீணாக்கக் கூடாதாம். பத்தொன்பதாம் தேதி காலை ஐந்தரைக்கு நர்ஸ் போன் செய்தார்.

அடக்கத்துக்கு நான்கு பேருக்குத்தான் அனுமதி. நானும் மூன்று துப்புரவுப் பணியாளர்களும். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முகத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கலாமா என்று நினைத்தேன். வாரம் முழுக்க மற்றவர்கள் கேட்டபோது முடியாது என்று சொன்னவன் நான். கேட்கவில்லை.

நம் தெருவில் மாவு மில்காரரும் போய்விட்டார், முனை வீட்டு டீச்சரம்மாவும். தையற்காரர் படுத்துக் கிடந்து எழுந்துவிட்டார்.

அவருடைய அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். நீ சாப்பிடு அக்கா.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

எட்டு நாளாகிவிட்டது. எனக்கு இன்னும் கை கால் ஓடவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி கேட்டு மூன்று தடவை மனு போட்டேன், மூன்று தடவையும் மறுத்துவிட்டார்கள். "மாவட்டங்களுக்கு இடையே பயணம்: மூன்று" என்று அந்தக் கட்டத்தை நிரப்பியது என் விரல்தான். எந்தத் தேதியில் நிரப்பினேன் என்றுகூடச் சொல்வேன். பெற்ற அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து கட்டம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். தையற்காரர் மகளிடம் போனில் பேசினேன். ஐந்தாம் தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா சந்தைக்குப் போனாராமே? நம் தெருவே போனதாமே? இரண்டு மணி நேரம் கூட்டத்தில் நசுங்கிவிட்டுத் திரும்பி வந்தாராமே? ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? வாசலில் ஒரு பூட்டுப் போட முடியவில்லையா உன்னால்?

ஆணை என் மேசையில்தான் இருக்கிறது. கையெழுத்து வியாழன், அமல் திங்கள். நடுவில் முழுசாக மூன்று நாள். கையெழுத்தான அன்று மாலையே மூடியிருந்தால் அவர் போயிருக்கவே முடியாது. தள்ளுவண்டி ஏற்பாடு, ஒலிபெருக்கி ஏற்பாடு என்று நீங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் அப்பா சந்தைக்குப் போய்விட்டார். இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

கையெழுத்தான அன்றே மூடியிருக்கலாம், நீ சொல்வது சரிதான். வண்டிகள் இல்லாமல் மூடினால் இல்லாதவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று நினைத்தோம். நினைத்தது தப்பாக இருக்கலாம்.

ஞாயிறு காலை நாலரைக்கே நான் கிளம்பிவிட்டேன். வண்டிக்காரர்களுக்கு முகக்கவசம் கொடுக்கப் போனேன். அப்பா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். சந்தையில் கூட்டம் என்று ஏழு மணிக்குச் சொன்னார்கள். ஓடினேன். வாசலை மூடினால் நெரிசலில் செத்துப்போவார்கள், திறந்துவிட்டால் இப்படி. கயிறு கட்டி ஒவ்வொருவராக வெளியே எடுத்தோம். அந்தக் கூட்டத்தில் அப்பா இருந்தது மாலையில் வீட்டுக்கு வந்து காய்கறிப் பையைப் பார்த்தபோதுதான் தெரியும்.

அவரை நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு.

தம்பி


மே 18

தம்பிக்கு,

உங்கள் ஊர் வாரப் பத்திரிகை கைக்கு வந்தது. அதில் நாலு வரி. சந்தை மூடப்படும் செய்தி முதல் நாளே கசிந்தது, கசிந்தது சுகாதார ஆய்வாளர் வீட்டிலிருந்து, விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார், பணியிடை நீக்கம் என்று போட்டிருக்கிறார்கள்.

நீயா? சிவப்பு மையில் எழுதி எனக்கு உபதேசம் செய்த நீயா? அப்பா வாயில் எதுவும் தங்காது என்று எனக்கு எழுதிவிட்டு, அதே அப்பாவிடம் போய்ச் சொன்னாயா? அவர் தெருவெல்லாம் சொல்வார் என்று தெரியாதா? முதலில் தன் வீடு நிறைய வேண்டும் என்று தோன்றியதா? போன கடிதத்தில் தூங்கிக்கொண்டிருந்தார், பையைப் பார்த்துத்தான் தெரியும் என்று என்னமாய்க் கதை அளந்திருக்கிறாய்! நானும் அதைப் படித்துவிட்டு, பாவம் பிள்ளை என்று ஒரு ராத்திரி முழுக்க அழுதேன்.

மாவு மில்காரருக்கு இரண்டு பெண்கள். டீச்சரம்மா உனக்கு அட்டையில் எழுத்து எழுதிக் காட்டியவள். அப்பாவைக் கொன்றது நோய் இல்லை, நீ. அந்த வீட்டில், அந்த அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு எப்படிச் சோறு இறங்குகிறது?

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. எனக்குத் தம்பி என்று ஒருவன் இருப்பதை மறக்கப் பார்க்கிறேன்.


ஜூன் 15

என் தம்பிக்கு,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். நான்கு வாரமாகப் பையில் ஆணைகள் மட்டும் வருகின்றன. யாரோ புது ஆளின் கையெழுத்து. கிழித்துப் போட்டுவிடாமல் கடைசிவரை படி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்த மாதம் எங்களுக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் இரண்டாவது ஆதாரம் தேட வேண்டும். காகிதத்தில் இருப்பது ஒன்று, ஊரில் நடந்தது ஒன்றாக இருக்கலாமே. அதனால் அந்தந்த ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் கேட்டு எழுத வேண்டும். நம் ஊர் வரிக்கு நான் தையற்காரரைக் கூப்பிட்டேன். என் தம்பி சொன்னான் என்று அவர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றுதான் கூப்பிட்டேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

சந்தை மூடப்போவது உங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"உன்னாலதாம்மா. உங்க அப்பா சனிக்கிழமை சாயங்காலம் வந்து சொன்னாரு. 'என் பொண்ணு போன் பண்ணா. ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் வாங்கிக்கோங்கன்னா. ஏன்னு கேட்டா சும்மாங்கறா. அவ இருக்கறது எந்த ஆபீஸ்? சும்மாவா சொல்லுவா? திங்கக்கிழமை சந்தைய மூடப்போறாங்க. பையன் என்கிட்ட மறைக்கறான். நீ உன் வீட்டுக்கு வாங்கிக்கோ, மில்காரருக்கும் டீச்சருக்கும் நான் சொல்லிடறேன்'னாரு. மனுஷன் தனக்கு மட்டும்னு நெனைக்கலை பாரு. நீயும்தான். நல்லா இருப்பம்மா."

நல்லா இருப்பேனாம்.

பயணியின் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவான் என்று சொல்கிற மனிதரிடம் போய் "சும்மாதாம்ப்பா" என்று சொல்லியிருக்கிறேன். ஆணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று இத்தனை நாளும் நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டி எட்டு மணிக்கு வாசலுக்கே வரும் என்று நீ எழுதியிருந்தாய், அதைப் படித்தும் கேட்காமல் போன் செய்தேன். கையெழுத்து விழுந்ததும் அனுப்பு, அனுப்பு என்று உன் உயிரை எடுத்ததும் நான்தான்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அப்பாவிடம் என்ன சொன்னேன் என்று ஏப்ரல் நான்காம் தேதி என் கையாலேயே உனக்கு எழுதியிருக்கிறேன். ஏழாம் தேதியே அது உன் கையில் இருந்திருக்கும். அதை விசாரணையில் நீட்டியிருந்தால் உன் வேலை போயிருக்காது. நான் உன்னைக் கொலைகாரன் என்று எழுதியபோது அதை என் முகத்தில் எறிந்திருக்கலாம். நீ ஒப்புக்கொண்டாய். ஏன்டா? ஏன் இப்படிச் செய்தாய்?

விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. மேசைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாள். கிளம்புவதற்கு முன் நம் ஊர் வரியில் குறிப்பு எழுதினேன்: செய்தி இந்த மையத்திலிருந்து கசிந்தது, எழுதுபவரே காரணம். அந்த ஏப்ரல் கடிதம் உன்னிடம் இருந்தால் அதிகாரியிடம் கொடுத்துவிடு. அது இருந்தால்தான் நம்புவார்கள்.

அப்பாவைப் பற்றி யோசித்தால் தாங்க முடியவில்லை. அந்த மே மாதக் கடிதத்தைப் பற்றி யோசித்தால் அதைவிட மோசமாக இருக்கிறது. மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

உன் அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அதே நாளில் விசாரணை அதிகாரியும் கூப்பிட்டார். ஏப்ரல் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். கிழித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நீயே எழுதிக் கொடுத்த பிறகு நான் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அமலாவதற்கு முன் நகலை அனுப்பியது என் தப்பு என்றும் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை.

ஏன் என்று கேட்டாய். ஏழாம் தேதி உன் கடிதத்தைப் படித்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது அப்பா நன்றாகத்தான் இருந்தார், ஜன்னலில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். சரி, ஒன்றும் ஆகவில்லையே, விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் அவர் போய்விட்டார். நீ கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. இதையும் சேர்த்து உன் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை. விசாரணையில் யார் சொன்னது என்று கேட்டபோது நான்தான் என்று வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. வேலைதானே, போனால் போகட்டும் என்று இருந்தது.

நீ அப்பாவிடம் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் ஏதாவது ஒரு சாக்கில் சொல்லியிருப்பேன். பெற்றவரை விட்டுவிட முடியுமா? இதை நீ நம்ப வேண்டும், உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை.

கோபம் வேறு. நாற்பத்தொரு ஊரில் ஒரு சந்தை மூடியதா இல்லையா என்று எழுத உனக்கு இரண்டு ஆதாரம் வேண்டியிருக்கிறது. உன் தம்பி அப்பாவைக் கொன்றான் என்று எழுதப் பத்திரிகையில் வந்த நாலு வரி போதுமாக இருந்தது. ஒரு போன் செய்து, "நீயாடா சொன்னே?" என்று கேட்டிருக்கலாம். கத்தியிருப்போம், வழக்கம்போல. ஆனால் கேட்டிருக்கலாம். நான் ஒப்புக்கொண்டதாகத்தானே போட்டிருந்தது என்பாய். ஊர் நம்பட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். நீ நம்புவாய் என்று நினைக்கவில்லை. அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் நீ கேட்ட கேள்விதான் காதில் விழுகிறது. இப்போது உண்மை தெரிந்துவிட்டது, நீ மன்னிப்பும் கேட்டுவிட்டாய். ஆனாலும் அது காதை விட்டுப் போகவில்லை. எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. போகாமலே இருந்தாலும் இருக்கலாம்.

ஜூலை முதல் தேதியிலிருந்து மாவட்ட எல்லையைத் திறக்கிறார்கள். நீ வர வேண்டும். அப்பாவின் அறையை நான் தொடவில்லை. துணிமணி, கண்ணாடி, படுக்கை எல்லாம் அவர் விட்டுப்போனபடியே இருக்கின்றன. பார்ப்பதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் உனக்கு உரிமை உண்டு. அவரை வைத்த இடத்தைத் தையற்காரர் காட்டுவார், அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் எதையும் விளக்கிக்கொண்டிருக்காதே. அவர் உன்னை நல்ல பெண் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

வரும் தேதியை முன்கூட்டியே எழுது. அன்றைக்கு நான் வெளியூர் முகாமுக்கு வேலை கேட்டு வாங்கிக்கொள்கிறேன். உன்னைப் பார்த்தால் கத்துவேனா அழுவேனா என்று தெரியவில்லை, இரண்டுக்குமே இப்போது தெம்பு இல்லை.

வீட்டுச் சாவி தையற்காரரிடம் இருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பு. போகும்போது சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ.

தம்பி